ஏழாம் மாடி

லிஃப்ட் இன்றைக்கும் பழுது.
"மிஸ், மெதுவா" என்கிறார் காவலாளி ஜயதிஸ்ஸ.
வெள்ளவத்தை, ஹம்டன் லேன், ஏழாம் மாடி.
நேற்று மூன்று மலை ஏறி இறங்கிய முழங்கால்
படிக்கொரு தரம் கணக்குக் கேட்கிறது.

மாசிக் கடைசி. மலைப்புல்
பாதி காய்ந்து பாதி துளிர்த்திருந்தது.
முதல் உச்சியில் காற்று தொப்பியைக் கொண்டுபோயிற்று.
போகட்டும் என்றேன்.
விடிந்ததிலிருந்து நான் பேசிய முதல் சொல்;
யார் குரலோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது வெறும் பாறை.
கையும் காலுமாய்த் தவழ்ந்தேன்,
பார்க்க ஆளில்லை, வெட்கமுமில்லை.

மூன்றாவதில் குந்தி மீன்பணிஸைப் பிரித்தபோது
மேற்கே, கண் எட்டும் கடைசியில், ஒரு வெள்ளைக் கோடு.
கடல் என்றது ஒரு மனம்.
வெயில் என்றது மற்றது.
கடல்தான் என்றால்
அதற்குச் சற்று இப்பால் எங்கள் பிளாட்,
அதன் தலையில் கறுப்புத் தண்ணீர்த்தாங்கி,
தாங்கிக்குப் பக்கத்துக் கொடியில்
நான் எடுக்க மறந்த துவாய்.

எண்ணாமல் ஏறியதில்
ஏழாம் மாடி தாண்டிவிட்டது.
மொட்டைமாடி.
துவாய் உப்புக்காற்றில் விறைத்துத் தொங்குகிறது.
கிழக்கே கிரேன்கள், புகார், இன்னும் கிரேன்கள்.
மலை இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
மிளகளவு கல்லொன்று
சீமெந்தில் விழுந்து, இருதரம் துள்ளி, நின்றது.
நேற்று முழுக்கக் குத்தியது இதுதானா?

கரையோர ரயில் ஊதிப் போகிறது.
இன்னும் ஒரு மாடி
இறங்க வேண்டும்.