முப்பத்தைந்து

பத்தாம் வகுப்பில் அவனுக்கு அது மூன்றாவது வருஷம்.
எனக்கு இன்னும் குரலே உடையவில்லை;
அவன் சவரம் செய்துகொண்டு வருவான்,
தாடை வெட்டில் ஒட்டிய பேப்பர் துண்டோடு.

சேவுகமூர்த்தி.
புதுவயல் ரைஸ்மில்லில் ராத்திரி மூட்டை தூக்கிவிட்டு
தலையில் உமியோடு வந்து முதல் பீரியடில் தூங்குவான்.
எழுப்பப் போன சாரின் பிரம்பைப் பிடுங்கி
ஜன்னலுக்கு வெளியே போட்டான் ஒருநாள்.
"நீ போய் இவன் பக்கத்துல உக்காரு" என்றார் சார், என்னிடம்.
தண்டனை யாருக்கு என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் பேச்சில்லை.
பிறகு என் டிபன் பாக்ஸை அவனே திறந்து
பாதி இட்லியை எடுத்துக்கொண்டு
"மொளகாப்பொடிக்கு எண்ணெய் ஊத்தமாட்டாகளா ஒங்க வீட்ல?"
மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல்
மூடி வழிய ஊற்றிக்கொண்டு போனேன்.

காம்பஸ் முனையால் முன்கையில் கோடு போடுவான்,
ரத்தம் வரும்வரை. வந்த பிறகும்.
"வலிக்கலையா?"
"இது நான் போட்டதுடா."
மற்றவற்றை யார் போட்டது என்று
நான் கேட்கவில்லை.

"ரூட் ரெண்டு ஏன்டா முடியவே மாட்டேங்குது?"
புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன்.
"அது சரி.
முடியாமப் போயிக்கிட்டே இருந்தா அதுக்கு அலுக்காதா?"

தை மாதம், மூட்டைக் கொக்கியால்
அப்பாவின் தோளைக் கிழித்துவிட்டான்.
சாக்கோட்டை ஸ்டேஷன் ஜீப் மைதானத்துக்குள் வந்தது.
"இவனுக்குக் கூட்டாளி யாரு இங்க?"
வகுப்பே என்னைப் பார்த்தது.
நான் கரும்பலகையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
"யாருமில்ல சார்" என்றான் அவன்,
நான் வாய் திறந்துவிடுவேனோ என்பதுபோல் அவ்வளவு அவசரமாக.
நான் திறந்திருக்க மாட்டேன், சேவுகா.

பரீட்சைக்கு வந்தான். வேறு ஹால்.
மார்க் ஷீட் வந்த அன்று மில் லாரி எங்கள் வாசலில் நின்றது.
வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி
அக்காவை அனுப்பிவிட்டு
கதவிடுக்கில் நின்றேன்.
"கணக்குல முப்பத்தஞ்சுன்னு மட்டும் சொல்லிருங்கக்கா."
படியில் ஒரு பை குருணை அரிசியை வைத்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி முப்பத்தைந்துக்கு ரூட் போட்டேன்.
ஐந்து புள்ளி ஒன்பது ஒன்று ஆறு பூஜ்யம் ஏழு
ஒன்பது ஏழு எட்டு
பென்சில் முனை உடைந்தது.

காலையில் அம்மா அந்தக் குருணையில் உப்புமா கிண்டியிருந்தாள்.
நன்றாக வெந்திருந்தது.
இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.