பதினான்காம் கேள்வி

சுரங்கத்தை மூடிய பிறகு லோத்தாவில்
தவறாமல் வேலைக்கு வருவது மழை ஒன்றுதான்.
ஜூலை மாதம். காப்பகத்தின் தகரக் கூரைமேல்
விடியலிலிருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தது.
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.
இங்கே பிள்ளைகளுக்குப் பேனா கிடையாது.
பென்சிலையும் எண்ணித்தான் தருவோம்,
எண்ணித்தான் வாங்குவோம்.

வினாத்தாள் சந்தியாகோவிலிருந்து வந்தது.
பதினான்காம் கேள்வி:
வன்முறையை நீ
கண்டதுண்டா, பட்டதுண்டா, செய்ததுண்டா?
மூன்று கட்டங்கள்.
ஒரு தீக்குச்சியை உடைத்துப் போட்டால்
நிரம்பிவிடும் ஒவ்வொன்றும்.

மைக்கோலுக்குப் பதினாறு.
மருந்துக்கடைக் கல்லாவைத் தூக்கியவன்.
இடது புருவத்தை ஒரு தழும்பு
வகிடு எடுத்திருக்கிறது.
மூன்றாம் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டான்,
தாள் கிழிகிற அளவுக்கு.
"அது?" என்று புருவத்தைக் காட்டினேன்.
"சண்டை."
"யாரோடு?"
"அப்பாவோட."
"அப்போ என்ன வயசு உனக்கு?"
கொஞ்ச நேரம் மழையைக் கேட்டான்.
"ஆறு."

ஆறு வயதில் சண்டையாம்.
வாங்கியதையெல்லாம் கொடுத்ததாகக்
கணக்கெழுதக் கற்றிருக்கிறான்.
கடன்காரன் என்று ஊரில் பெயர்.

மியாராய் சாப்பாட்டுக்குப் பின் வந்தாள்.
ஈரக் காலுறையை அடுப்போரம் காயவைக்கலாமா என்றாள்.
பதினைந்து. காதலனின் பையைச் சுமந்தவள்;
பைக்குள் என்ன என்று தெரிந்தே சுமந்தாள்
என்கிறது கோப்பு.
முதல் கட்டத்தில்
மூச்சு விட்டால் பறந்துவிடும்போல ஒரு குறி.

"பார்த்திருக்கேன்" என்றாள்.
"ஒரு பொண்ணை முடியைப் பிடிச்சு
சமையலறைக்கு இழுத்துட்டுப் போனதை.
ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல
அவ ஒடுங்கிக்கிட்டதை."
"நீ எங்கே நின்னே?"
காலுறையைத் திருப்பிப் போட்டாள்.
ஆவி எழுந்தது.
"ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல."

அழிப்பானைக் கையில் எடுத்தேன்.
பதில் அவர்களுடையது, திருத்தலாகாது
என்று கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்தது.
கீழே வைத்தேன்.

இரவு உணவின்போது காற்று
தாழ்வாரக் கதவை அறைந்து சாத்தியது.
பையன்கள் கூடத்தில் கரண்டிகள் நின்றன.
சுவருக்கு அந்தப் பக்கம்,
பெண்கள் கூடத்திலும் நின்றன.
பிறகு யாரோ சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை,
தண்ணீர்க்குழாய் திறக்கும் சத்தம்தான் வந்தது.

செப்டம்பரில் அறிக்கை வந்தது,
வழவழப்பான தாளில், வண்ணத் தூண்களோடு.
ஆண்கள்: செய்தவர் மிகுதி.
பெண்கள்: கண்டவர் மிகுதி.
பட்டவர்களின் தூண் அத்தனை குட்டை,
கோடா, அச்சுப் பிசகா என்று
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று:
அந்த ஜூலை மாலை எண்ணியபோது
ஒரு பென்சில் குறைந்தது.
எந்தச் சட்டைக்குள் போனதோ,
எதைக் கிறுக்கவோ, எதைக் குத்தவோ.
மேற்பார்வையாளர் வாசலில் குடை விரித்தபடி
"சரியா இருக்கா?" என்றார்.

சரியாக இருக்கிறது என்று
கையெழுத்துப் போட்டேன்.