ஏக்வீடு தாண்டினால் சிக்னல் இல்லை

ராக்கே நிலையத்தில் காலை ஐந்து ஐம்பதுக்கு
என்னோடு ஏறுபவர்கள் இரண்டே பேர்.
ஒருவர் சுங்கத்துறை. இன்னொருத்தி பேசமாட்டாள்,
மூன்றாம் நாளே எனக்கும் அது பிடித்துப்போனது.
வண்டி ஆரஞ்சு நிறம். எஸ்தோனியா முழுக்க
அதற்குப் பேர் கேரட்.
இருட்டையும் பனியையும் துளைத்துக்கொண்டு
இலையில்லாத கேரட் ஒன்று வரும்,
சொன்ன நேரத்துக்கு.

பதினெட்டு வருடம் வேலைக்கு நடந்தே போனவள் நான்.
பால் ஆலையில் சம்பளக் கணக்கு.
ஆலையை மூடியபோது
"உன் நாற்காலியை வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றார்கள்.
சமையலறையில் இருக்கிறது. உருளைக்கிழங்கு உரிக்கையில்
அரைச்சுற்று சுற்றிக்கொள்வேன்.

புதுக் கம்பெனியில் நாற்காலி
அட்டைப்பெட்டியில் கிடந்தது, பதினாறு திருகாணிகளோடு.
"அவரவர் நாற்காலியை அவரவரே பூட்டுவது
இங்கே வழக்கம்" என்றான் ரூபென்.
கம்பெனி தொடங்கி ஏழு மாதம்.
அவன் வாயில் வழக்கம் என்ற சொல்
பால்பல் விழாத பையன்
மீசையை முறுக்கிக்கொண்டது மாதிரி இருந்தது.

இருபத்தாறு வயது. கம்பளிக் காலுறையில்
மேசைக்கு மேசை வழுக்கியே போவான்.
நாங்கள் ஐந்து பேர். சாவி நான்கு.
மார்ச் வரை பணம் இருக்கிறது என்றான்.
அப்புறம்? கேட்க வாய் வரவில்லை,
நாற்பத்தொன்பதில் வேலை கொடுத்தவனிடம்.

செய்வது ஒரு சின்னக் காது.
தேன்பெட்டிக்கு அடியில் பொருத்திவிட்டால்
குளிர்காலம் முழுக்க அது கேட்டுக்கொண்டிருக்கும்
உள்ளே தேனீக்களுக்கு உயிர் இருக்கிறதா என்று.
நான் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பிரிவு முழுவதும் நான்தான்.
வாடிக்கையாளர்கள் பதினொரு பேர்.

எட்டாம் நாள், டாபா தாண்டியதும் போன்.
வல்கா பக்கத்திலிருந்து ஆர்வெட் என்று ஒருவர்.
"ஆறாம் பெட்டி. உங்கள் காது பூஜ்யம் காட்டுகிறது.
செத்துவிட்டதா?"

கையேட்டைப் பார்க்கலாம் என்றால்
அதை எழுதவேண்டியவளே நான், வெள்ளிக்கிழமைக்குள்.
ரூபென் கண் விழிக்க இன்னும் இரண்டு மணி நேரம்.
எட்டு நாளில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்:
ஏக்வீடு தாண்டினால் காடு,
பதினொரு நிமிடம் சிக்னல் இல்லை.
ஏக்வீடு பிளாட்பாரம் நகரத் தொடங்கிவிட்டது.

"டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள்.
பெட்டியை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு
உங்கள் காதை வையுங்கள்."
"வெளியே மைனஸ் பத்தொன்பது அம்மா."
"தொப்பியைக் கழற்றினால்தான் கேட்கும்."
அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.
காடு வந்துவிட்டது.

பைன். பைன். வெட்டிப்போட்ட பைன்.
செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு
நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து
பேசாதவள் பேசினாள்: "என்ன ஆச்சு?"
"தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்."
அது போதும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு
அவளும் போனையே பார்த்தாள்.

கெஹ்ராவில் அடித்தது.
"இருக்கிறார்கள்."
இருக்கின்றன என்று சொல்லவில்லை மனிதர்.
"முணுமுணு என்கிறார்கள். தட்டியதில் கோபம் போல.
உங்கள் காதுதான் செத்திருக்கிறது, வேறு அனுப்புங்கள்.
என் காதும் இப்போது அப்படித்தான், உணர்ச்சியே இல்லை."

நல்ல சேதியா கெட்ட சேதியா,
யூலெமிஸ்தே வரை முடிவாகவில்லை.
பெட்டி பிழைத்தது, கருவி பொய் சொன்னது.
பதினொன்றில் ஒன்று பொய் என்றால்
மார்ச் கொஞ்சம் கிட்டே நகர்ந்துவிட்டது.
பேசாதவள் இறங்கும்போது சொன்னாள், "நாளைக்குச் சொல்."

ஐந்தாவது சாவி இன்னும் வெட்டவில்லை.
முதலில் வந்து சேர்பவள் நான்,
ஒன்பது வரை மூன்றாம் மாடிப் படிக்கட்டுதான் என் அலுவலகம்.
கையுறையோடு பேனா பிடிக்க வராது, கழற்றினேன்.
கையேடு, பக்கம் ஒன்று.
"கருவி பூஜ்யம் காட்டினால்
முதலில் தொப்பியைக் கழற்றவும்."

கீழே கதவு திறக்கிறது.
ரூபென் இரண்டிரண்டு படியாக ஏறி வருகிறான், விசிலடித்தபடி.
இன்னும் அவனுக்குத் தெரியாது.