படியில் உட்காராதீர்கள்

ரத்தத்தில் சர்க்கரை, கணுக்காலில் நீர்.
நடக்கணும் மாக்வாலா, என்றார் டாக்டர்,
தினம் நாற்பது நிமிடம்,
சட்டை முதுகில் ஒட்டுகிற வரை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வருஷமாக
திபிலீசி நகரத்தின் அடிவயிற்றில்
நகரும் படிக்கட்டின் காலடியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் நான்.
ஊரே என் முன்னால் ஏறி இறங்குகிறது,
யாரும் கால் எடுத்து வைப்பதில்லை.
என்னிடம் ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான்,
மூன்று வாக்கியங்கள்.
வலப்பக்கம் நில்லுங்கள்.
ஓடாதீர்கள்.
படியில் உட்காராதீர்கள்.

மகளின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு
லீசி ஏரியில் மினிபஸ்ஸை விட்டு இறங்கினேன்.
காற்று என்று எனக்குத் தெரிந்ததெல்லாம்
ரயில் வருமுன் சுரங்கம் துப்புமே, அது:
ரப்பர், கிரீஸ், யாரோ உரித்த ஆரஞ்சு.
இந்தக் காற்றுக்குப் பின்னால் ரயில் வரவில்லை.
மொட்டைக் குன்றுகளிலிருந்து சும்மா வந்தது.
என் தலைக்குட்டையைப் பிடித்து இழுத்தது,
பைன் மரங்களுக்குள் போனது,
அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தவள் மாதிரி
பாதியில் திரும்பி வந்தது.

முதல் நாள், வழியில் ஏழு பெஞ்சுகள்.
ஏழிலும் உட்கார்ந்தேன்.
இது டாக்டருக்குத் தெரியாது.

காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
இரண்டாம் நாளே என்னைத் தேர்ந்துகொண்டது.
நான் நின்றால் நின்றது,
மூச்சு வாங்கினால் வேறு பக்கம் பார்த்தது.
அவ்வளவு நாகரிகம் என் வீட்டுக்காரரிடமும் கிடையாது.
நாணலுக்குள் நாமக்கோழிகள் ஏதோ வழக்குப் பேசின.
சூரியகாந்தி விதையைத் தம்ளரில் அளந்து
காகிதக் கூம்பில் கொட்டித் தருகிற குலீக்கோ
இன்று ஐந்து பெஞ்சா, என்று கேட்டாள்.
எண்ணியிருக்கிறாள், பாவி.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை.
ஈரம் காயாத மரப்பலகைப் பாதையில்
ஐந்து வயசுப் பையன் ஒருவன் தலைதெறிக்க வந்தான்.
என் வாய் தானாகத் திறந்தது:
ஓடாதீர்கள்!
அத்தனை மரியாதையாக, அத்தனை சத்தமாக.
பையன் நின்றான்.
தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த தம்பதி
வலப்பக்கம் ஒதுங்கினார்கள்.
ஊன்றுகோல் கிழவர்கள் இருவரும் ஒதுங்கினார்கள்.
காதில் பாட்டோடு ஓடிவந்த நெட்டையன்
ஒதுங்கி, நின்று, திரும்பி,
நீங்களா! என்றான்.
பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிற குரலாம்.
டேப் என்று நினைத்திருந்தேன், என்றான்.
டேப்புக்கு இருமல் வருமா தம்பி, என்றேன்.
அவன் பெயர் நுக்சார். கையை நீட்டினான்.
கையில் வேர்வை. என் கையிலும்.
பிறகு வளைவு வரைக்கும் நடந்தே போனான்,
வளைவு தாண்டி ஓடியிருப்பான்.

அக்கரையில் கல்படிகள் சில
தண்ணீருக்குள் இறங்குகின்றன.
எத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன்,
பார்க்காத மாதிரி.
இன்று இடமும் வலமும் பார்த்தேன்.
மைக் யாரிடமும் இல்லை.
நட்டநடுப் படியில்
காலை நீட்டி உட்கார்ந்தேன்.
ஒரு படி கீழே நாய்.
கல் நகரவில்லை,
தண்ணீர்தான் ஒரு விரற்கடை ஏறியது, இறங்கியது,
யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடாமல்.
சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
டாக்டர் கணக்கில் இன்னும் பதினொரு நிமிடம் பாக்கி.
கூம்பில் விதை இருந்தது.