கால் சுரம் கீழே

லாஸ்பேட்டையில், டயர்க்கடைக்கு மேலே ஸ்டூடியோ.
மணிக்கு எண்ணூறு. ஏசி போட்டால் ஆயிரம்.
ஏசி இரைச்சல் மைக்கில் ஏறுமென்று
வேர்வையோடு வாசிக்கிறோம்.
இருநூறு மிச்சம் என்பதும் உண்மைதான்.

உப்பளம் எங்கள் பேண்டின் பெயர்.
இது ஏழாவது ஆல்பம்.
ஆறாவது வந்தபோது சிடி என்று ஒன்று இருந்தது.
முதலாவது கேசட்,
ஜக்கரியாவின் மச்சான் வேனில் ஏ பக்கம் இன்னும் ஓடுகிறது,
பி பக்கத்தை டெக் எப்போதோ தின்றுவிட்டது.

எனக்கு இடது காதில் ஒரு விசில்.
தொண்ணூற்று நாலு, டிசம்பர் முப்பத்தொன்று, கடற்கரைச் சாலை.
ஜக்கரியாவின் சிம்பலுக்கும்
வாடகை ஸ்பீக்கருக்கும் நடுவே
பேஸ் கிதாரோடு நாலு மணி நேரம் நின்றேன்.
புதுவருஷம் பிறந்தது, கூடவே இதுவும்.
மின்துறை வேலையில் வீடுவீடாக மீட்டர் பார்த்தபோதும்
அப்பாவை அடக்கம் செய்த மதியத்திலும்
என் கல்யாணத்தன்று ராத்திரியிலும்
(எதற்குச் சொல்வது, அன்றும்)
நிற்கவில்லை.
பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.
அதற்கு முந்நூறு ரூபாய்.

நேற்று இடைவேளையில் லூர்துசாமி கேட்டான்:
அது எந்தச் சுரம்?

முப்பது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.
கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கினான்.
இதுவா. இல்லை, இன்னும் மேலே.
இதுவா. தாண்டிட்ட.
கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்
கட்டையே இல்லாத இடத்தில் இருந்தது அது.
ட்யூனிங்கைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினான்.
அங்கே. நிறுத்து.

நான் கேட்பதை அறை முழுக்கக் கேட்டது.
மதலேன் காதைப் பொத்திக்கொண்டாள்:
இதையா, இத்தன வருஷமா?
ஜக்கரியா ஒன்றும் பேசவில்லை,
டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று இறங்கினான்.
டீக்கடை படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே.
அரைமணி நேரம் கழித்து, டீ இல்லாமல் வந்தான்.

கடைசிப் பாட்டுக்கு
எல்லாக் கம்பியையும் அந்தச் சுரத்துக்கு இறக்குவோம் என்றது மதலேன்தான்.
அவளுக்கும் வசதி. மேல்ஸ்தாயி இப்போது அவளுக்கு
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி.
பாவாடைராயன் முனகினான்:
கால் சுரம் இறங்கின பாட்டை
எந்த ரேடியோக்காரன் போடுவான்?
இதுவரைக்கும் எவன் போட்டான் என்று லூர்துசாமி கேட்க
கிதாரைத் திருகத் தொடங்கினான்.
ஹேமச்சந்திரனுக்கு இருபத்தாறு வயது.
அவன் திரையில் வரிக்கு வரி சிவப்பு.
சார், எல்லாமே ஸ்ருதி விலகி இருக்கு.
எல்லாரும் சேர்ந்துதானேப்பா விலகியிருக்கோம்.
தலையைச் சொறிந்தான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

நாலு நிமிஷம் பதினொரு விநாடி.
முதல் கம்பி அதிர்ந்ததும்
விசில் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது,
முண்டியடித்து ஏறியவனுக்கு
ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
எல்லோரும் நிறுத்துவோம்,
கீபோர்டு மட்டும் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
அப்போது கீழே டயர் கழற்றும் பையன்
ஸ்பானரைக் கீழே போட்டான்.
தெளிவாகக் கேட்டது. டேக்கிலும் இருக்கிறது.
எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனசில்லை.

முடிந்ததும் ஜக்கரியா
சிம்பலை விரல்களால் பிடித்து அணைத்தான்.
ஹேமச்சந்திரன் கையை உயர்த்தினான்,
யாரும் அசைய வேண்டாம், அறை அடங்கட்டும்.
மதலேன் வாய் பாதி திறந்தபடி நின்றாள்.
மற்றவர்களுக்கு அடங்கியிருக்க வேண்டும்.
எனக்கு அதே சுரம்
இன்னும் பிடித்தபடி நின்றது.

படி இறங்கும்போது
சிம்பல் பையைத் தோள் மாற்றிக்கொண்டு
ஜக்கரியா என் வலப்பக்கம் வந்தான்.
எப்போதும் இடப்பக்கம் நடக்கிறவன்.
முதுநகருக்குக் கடைசி பஸ் போய்விட்டிருக்கும்,
கன்னியக்கோவில் வரை ஆட்டோவில் போய்ப் பார்க்கலாம்,
இல்லையென்றால் உன் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான்.
எல்லாம் கேட்டது.