பேட்டா

கணக்குப் பிரிவு வேதமூர்த்தி சார்,
நாளொன்றுக்கு இருநூற்று இருபது, ஆறு நாள்.
பில் மட்டும் ஏன் ஒன்று என்று
சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்.

நான் போன கடைகளில் பில் புத்தகம் இல்லை.
ஒன்றில் கல்லாப்பெட்டியே இல்லை.
மடியில் வாங்கி, மடியிலிருந்தே மீதி.

கீழக்கரையில் ஏடிஎம்
ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
உருளையைத் துடைத்து மாட்டி, மூடி பூட்டும்போது மணி மூன்று.
இயந்திரத்தின் வயிற்றில் லட்சங்கள்,
என் வயிற்றில் காலையில் குடித்த காப்பி.
தெருவே அடைத்துக் கிடந்தது.
நூஹு பாய் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்க
குனிந்து பார்த்தேன்.
அவரும் குனிந்து பார்த்தார்.
"தனியாவா வந்தீக?"
திரை போட்ட அறையில் தேங்காய்ச்சோறு,
சட்டியடியில் மிஞ்சிய ஆணம், எலும்போடு.
எழுபது ரூபாய்.
கேட்காமல் வைத்த ஒரு துண்டு தொதல்
கணக்கில் சேராதாம்.
உங்கள் படிவத்தில் அதற்கு எந்தக் கட்டம், சார்?

மண்டபத்தில் முகாமுக்கு எதிரே
யோகராணி அக்கா இடியாப்பம் அவிக்கிறார்.
மஞ்சளாய்ச் சொதி, கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல்.
"கெதியாச் சாப்பிடும், பஸ் வந்திடும்."
முப்பத்தைந்து ரூபாய்.
உங்களுக்காக, சார், பில் கேட்டேன்.
சிரித்துக்கொண்டே தட்டைத் திருப்பினார்:
"முப்பத்தஞ்சு வருசமா எனக்கே
ஒரு பேப்பரும் தரேல்ல, பிள்ளை.
நான் எப்பிடி உமக்குத் தாறது?"

பாம்பனுக்குப் போனபோது தடைக்காலம்.
விசைப்படகுகள் வரிசையாய்ச் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.
நிவாரணப் பணம் ஏறிய நாள், இயந்திரம் காலி,
திட்டு முழுக்க எனக்கு.
மிக்கேலம்மா கடைப் பலகையில் மீன் சாப்பாடு என்றிருந்தது.
நாட்டுப்படகில் வந்தது நாலே சூடை,
பெஞ்சில் நாங்கள் எட்டுப் பேர்.
ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினார்.
எனக்கு வால் பக்கம்.
"வாலுக்கு அஞ்சு ரூபா கம்மி" என்றார்.
மொறுமொறுவென்று, முள்ளும் சேர்த்துத் தின்றேன்.
தலை கிடைத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமேஸ்வரத்தில் வடக்கத்திக்காரர் போஜனாலயம்.
தீர்த்தமாடிய ஈரத்தோடு ஆட்கள் உட்கார்ந்து எழுந்து
நாற்காலியெல்லாம் உப்பு.
ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, அறுபது ரூபாய்.
பரிமாறிய பையனுக்குத் தமிழில்
"இன்னும் ரெண்டு?" மட்டும் தெரியும்.
நாலு முறை சொன்னான், நாலு முறையும் தலையாட்டினேன்.
பக்கத்து அம்மாள் என் ஸ்குரூடிரைவர் பையைப் பார்த்து
"அகேலி?" என்றார்.
எனக்குத் தெரிந்த இந்தி அந்த ஒரு சொல்தான்,
ஊர் ஊராய்ப் போனதில் கற்றது.
தன் பாட்டிலிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து,
சம்மதம் கேட்காமல்,
என் தட்டோரம் தடவினார்.

ஐந்தாம் நாள் பற்றி எழுத ஒன்றுமில்லை.
தேவிபட்டினம் நிறுத்தத்தில் பன், டீ, மழைத் தூறல்.

ஆறாம் நாள் ராமநாதபுரத்தில்
குளிரூட்டிய ஓட்டல்.
நூற்று எண்பது, வரி தனி,
மேசை எண், நேரம், நன்றி மீண்டும் வருக
எல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள்.
இணைத்திருக்கிறேன்.
என்ன சாப்பிட்டேன் என்று அதில் இருக்கும்,
பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஐந்து நாளையும் நீங்கள் வெட்டுவீர்கள், தெரியும்.
அடுத்த மாதம் என் இடத்தில் யார் போனாலும்
இதை மட்டும் சொல்லிவிடுங்கள்:
கீழக்கரைக்கு மூன்று மணிக்குள்.
மண்டபத்தில் சில்லறை வேண்டும்.
பாம்பனில் வாலைக் கேட்டு வாங்கலாம்.