நல்லெண்ணத்தில்

வார்டு ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
அதனால் தாராவிக்குள்
எந்தச் சந்துக்குச் சீல் வைக்கப் போனாலும்
மராத்தியில் அடித்த உத்தரவை
வாசலில் நின்று தமிழில் சொல்வது
என் வேலையோடு சேர்ந்துவிட்டது.

அரக்கு, நாடா, ஒரு கட்டு நோட்டீஸ்.
விட்ட மூச்சே திரும்பி வந்து மோதும் முகத்துணி.
பையில் சட்டத்தின் ஜெராக்ஸ்:
எலிகள் செத்து விழுந்த காலத்தில்
இந்த ஊரை நினைத்து அவசரமாக எழுதியது.
அன்றைக்கு நாலே பிரிவு.
எங்கள் சொசைட்டியில்
தண்ணீர் விடும் நேரத்துக்கே அதைவிட விதி அதிகம்.

இசக்கித்தாய் கதவைப் பாதி திறந்தாள்.
அவள் புருஷனை முந்தின இரவுதான்
சயான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தோம்.
உள்ளே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்,
மூன்று அண்டா இட்லி மாவு.
நாற்பது கிலோ.
விடிந்தால் மாட்டுங்காவில் ஏழு கடைக்குப் போக வேண்டியது.

படித்தேன்.
அலுவலர் எந்நேரமும் உள்ளே நுழையலாம்.
ஆளைச் சோதிக்கலாம்.
பிரித்து வைக்கலாம்.
தேவை என்று கருதினால் பூட்டலாம்.

அவள் கேட்டாள்:
"ஒனக்கெல்லாம் லாம், லாம்னு முடியுதேய்யா,
எங்களுக்கு ஒரு லாம்கூட எழுதலியா?"

கீழே பார்த்தேன்.
அவர்களுக்கு எழுதியிருந்தவை
வெளியேறக் கூடாது,
எதையும் வெளியே தரக் கூடாது,
மறுக்கக் கூடாது.

நாலாம் பிரிவை எப்போதும் வேகமாகப் படித்துவிடுவேன்.
நல்லெண்ணத்தில் செய்த எதற்கும்,
செய்ய நினைத்த எதற்கும்,
யார் மீதும் வழக்கு இல்லை.
அன்று நாக்கு அந்த முதல் சொல்லில் இடறியது.
"யாரு நல்லெண்ணம்?" என்றாள்.
சத்தமாகக்கூட இல்லை.

பிறகு:
"பொங்குற மாவுய்யா. பத்து நிமிசம் குடு.
எதிர்வீட்ல மாத்திருதேன்."

பூட்ட எனக்கு அதிகாரம் உண்டு.
பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் தர
அதிகாரம் உண்டென்றோ இல்லையென்றோ
யாரும் எழுதி வைக்கவில்லை.
எழுதியதைச் செய்தால் பாதுகாப்பு.
எழுதாததைச் செய்யப் பயம்.
கான்ஸ்டபிள் காம்ப்ளேயைப் பார்த்தேன்.
அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு அரக்கு உருகியது.
அவளும் இரண்டு பையன்களும்
முனிசிபல் பள்ளிக்கு வேன் ஏறினார்கள்.
சின்னவன் கையில் கிரிக்கெட் மட்டை.
அதை நான் கண்டுகொள்ளவில்லை.
பார், அவ்வளவு அதிகாரம் எனக்கு இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் சீல் சரிபார்க்கப் போனால்
கதவுக்கு அடியில் வெள்ளையாக ஒரு நாக்கு.
என் நாடாவுக்குக் கீழே,
என் கையெழுத்துக்குக் கீழே,
படி இறங்கிச் சாக்கடை ஓரம்வரை போயிருந்தது.
புளிப்பு வாடை துணியைத் தாண்டி ஏறிற்று.
எறும்புகள் இடைவெளி விடாமல் நின்றன.

சந்தில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.
பூட்டியதாலா? தெரியாது.
பூட்டாமல் இருந்து பார்க்கவும் முடியாது.
இதை மேலிடத்தில் சொன்னால் வெற்றி என்பார்கள்.
இசக்கித்தாயிடம் நான் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் திறந்தேன்.
புருஷன் திரும்பியிருந்தான்,
பாதி உடம்பும் முழு இருமலுமாக.
அவள் தோசைக்கரண்டியால்
வாசல்படியைச் சுரண்டினாள்,
என் காலடிவரை வந்து, நிறுத்தி,
நான் நகரக் காத்திருந்தாள்.

இழப்பீட்டுப் படிவம் நீட்டினேன்.
'அலுவலரால் அழிக்கப்பட்ட பொருட்கள்' என்று ஒரு கட்டம்.
நான் எதையும் அழிக்கவில்லை.
மாவு தானாகத்தான் புளித்தது.
ரொம்ப நேரம் பேனாவைத் திருகிவிட்டு
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
மாவு, நாற்பது கிலோ. பத்து நிமிடம்.

போன வாரம் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரு வரியோடு:
'பத்து நிமிடம் என்பது என்ன பொருள்? விளக்கம் தேவை.'

மேஜையில் இருக்கிறது.
இன்னும் தரவில்லை.
தரலாம்.